மூச்சுத் தசைகளுக்கும் களைப்பு உண்டு

வேகமாக ஓடி முடித்தவரைக் கவனித்திருப்பீர்கள். நிமிர்ந்து நிற்க மாட்டார். குனிந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். தோள் ஏறி இறங்கும். கழுத்தின் இரு பக்கமும் கயிறு போல ஏதோ புடைத்து நிற்கும். கேட்டால் "காலில் தெம்பே இல்லை" என்பார். மூச்சைப் பற்றிப் பேசவே மாட்டார். ஓடினால் மூச்சு வாங்கத்தானே செய்யும்?

ஆனால் அந்தக் கால் தளர்ந்ததில் மூச்சுக்கும் பங்கு இருக்கிறது. மூச்சு விடுவது தசைகள் செய்கிற வேலை. தசை என்றால் உழைத்தால் களைக்கும். காலும் கையும் களைப்பது நமக்குத் தெரிகிறது. மூச்சுத் தசை களைப்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதே இல்லை. அது களைக்கும்போது உடம்பு எடுக்கிற ஒரு முடிவு இருக்கிறதே, அது எனக்கு எப்போது படித்தாலும் வியப்பாக இருக்கும். அதற்கு வருவதற்கு முன் சில அடிப்படைகள்.

நுரையீரல் தானாக விரியாது

காற்றை இழுப்பது நுரையீரல் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தன்னைத்தானே விரித்துக்கொள்ள நுரையீரலில் தசை கிடையாது. அது பஞ்சு மாதிரி. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். இழுக்கிற வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மெல்லிய தசைத் தகடு அது. கவிழ்த்து வைத்த கிண்ணம் போல வளைந்திருக்கும். கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து வரும் ஃபிரெனிக் நரம்பு வழியாக அதற்கு உத்தரவு வரும். உத்தரவு வந்ததும் சுருங்கிக் கீழே இறங்கும். நெஞ்சுக்கூட்டுக்குள் இடம் பெருகும். காற்று உள்ளே வரும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அமைதியாக மூச்சை இழுத்துப் பாருங்கள், கை மெல்ல எழும். உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கி இரைப்பையையும் குடலையும் தள்ளுவதால் வருகிற அசைவு அது.

உதரவிதானத்துக்குத் துணையாக விலா எலும்புகளுக்கு இடையே தசைகள் இருக்கின்றன. வேலை கூடினால் கழுத்துத் தசைகளும் சேர்ந்துகொள்ளும். ஓடி முடித்தவரின் கழுத்தில் கயிறாகப் புடைத்தது, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்குகிற தசை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே விட எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை. இழுபட்ட நுரையீரல் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும். ஓடும்போது அதற்கெல்லாம் நேரம் இருக்காது. வயிற்றுத் தசைகள் அழுத்திக் காற்றை வெளியேற்றும்.

முழங்காலில் கை ஊன்றுவதற்கும் காரணம் உண்டு. கை ஓரிடத்தில் ஊன்றி நின்றுவிட்டால், வழக்கமாகக் கையை இழுக்கும் மார்புத் தசைகள் விலா எலும்புகளை இழுத்து உதவும். "குனியாதே, தலையில் கை வைத்து நிமிர்ந்து நில்" என்று பயிற்சியாளர்கள் அதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடம்பு அங்கே உதவி தேடிக்கொள்கிறது, விட்டுவிடலாம்.

எவ்வளவு வேலை?

ஓய்வில் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று. முழு மூச்சாக ஓடும்போது இது 100 லிட்டரைத் தாண்டிவிடும். உச்ச நிலைத் துடுப்புப் படகு வீரர்களிடம் 200 லிட்டருக்கு மேலும் அளந்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஓய்வில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏதோ நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மூச்சுத் தசைகளுக்குப் போகும். உச்ச உழைப்பில் சாதாரண ஆட்களுக்கு 10 சதவீதத்தை எட்டும். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு 15 சதவீதம் வரைகூடப் போகும். பயிற்சி உள்ளவருக்கு ஏன் கூடுதல் என்றால், அவர்களால்தான் அவ்வளவு காற்றை இழுத்துத் தள்ள முடிகிறது.

உதரவிதானம் சாமானியத்தில் களைக்கும் தசையும் அல்ல. பிறந்தது முதல் இரவு பகல் பாராமல் இயங்குவது. அதன் இழைகளில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம், மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வகை. ரத்தக் குழாய்களும் அடர்த்தி. இப்படிப்பட்ட தசை களைக்குமா என்று ஆய்வாளர்களுக்கே வெகுநாள் சந்தேகம் இருந்தது.

களைப்பை எப்படி அளப்பது?

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிரித்து வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்குவது வேறு, மூச்சுத் தசை களைப்பது வேறு. இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்குகிறதே, அது ஓர் உணர்வு. மூச்சின் தேவை கூடிவிட்டதை மூளை நமக்குச் சொல்கிறது. அப்போது உதரவிதானம் களைத்திருக்க வாய்ப்பில்லை. களைப்பு என்றால், சுமையின் கீழ் உழைத்த தசை முன்பு கொடுத்த விசையை இப்போது கொடுக்க முடியாமல் போவது. ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடுவது. ஓய்வு கொடுத்தும் திரும்பாவிட்டால் அதைப் பலவீனம் என்கிறோம். நோயாளிக்கு ஓய்வு தேவையா, பயிற்சி தேவையா என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சரி, விசை குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? "முடிந்த மட்டும் இழுங்கள்" என்று சொல்லி அளக்கலாம். ஆனால் ஓடிக் களைத்தவர் மனசு வைத்து இழுக்கிறாரா, பாதியில் விட்டுவிட்டாரா என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆளின் விருப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு நேராக நரம்பையே தூண்டுகிறார்கள். நுனியில் சிறு பலூன் வைத்த இரண்டு மெல்லிய குழாய்களை மூக்கு வழியாக விழுங்க வைப்பார்கள். ஒன்று உணவுக்குழாயில் நிற்கும், மற்றது இரைப்பையில். ஒன்று உதரவிதானத்துக்கு மேலே, இன்னொன்று கீழே. அப்புறம் கழுத்தில் ஃபிரெனிக் நரம்பு ஓடும் இடத்தில் காந்தத் துடிப்பையோ சிறு மின்துடிப்பையோ கொடுப்பார்கள். உதரவிதானம் விக்கல் வந்தது போல ஒரே ஒரு முறை வெட்டி இழுக்கும். அந்த நொடியில் இரண்டு பலூன்களுக்கும் இடையே எழும் அழுத்த வித்தியாசம்தான் அந்தத் தசையின் விசை. உழைப்புக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அளவு இறங்கியிருந்தால் தசை களைத்திருக்கிறது. இதில் மனசுக்கு வேலையே இல்லை.

1993இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியின் குழு இப்படித்தான் அளந்தது. ஆரோக்கியமானவர்களை, அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் திறனில் (உழைப்பின் உச்சத்தில் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவில்) 85 சதவீதத்துக்கு மேல், இனி முடியாது என்னும் வரை உழைக்க விட்டார்கள். முடிவில் உதரவிதானத்தின் விசை தெளிவாகக் குறைந்திருந்தது. நோய் நொடி இல்லாதவரின் உதரவிதானமும் களைக்கும் என்பது உறுதியானது. அதைவிட மிதமான உழைப்பில் இந்தக் களைப்பு பெரும்பாலும் வருவதில்லை.

உடம்பு எடுக்கும் முடிவு

இதைத் தொடர்ந்து அதே குழு செய்த இன்னொரு சோதனையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓடும்போது உதரவிதானம் எவ்வளவு வேலை செய்ததோ, அதே அளவு வேலையை உட்கார்ந்த இடத்திலேயே செய்யச் சொன்னார்கள். அதே வேகம், அதே ஆழம். இந்த முறை களைப்பு வரவில்லை. உட்கார்ந்த நிலையில் களைப்பு வர, ஓட்டத்தில் செய்ததைவிட அதிக வேலை செய்ய வேண்டியிருந்தது.

அப்படியானால் ஓடும்போது கூடுதலாக என்ன நடக்கிறது? போட்டி. இதயம் அனுப்பும் ரத்தம் ஓர் அளவுக்குத்தான். கால் தசைகள் அதில் பெரும்பங்கைக் கேட்கின்றன. மூச்சுத் தசைகளும் கேட்கின்றன. உச்ச உழைப்பில் இதயத்திலிருந்து வரும் ரத்தத்தில் 14 முதல் 16 சதவீதம் அவற்றுக்குப் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் போதாத நிலை வரும்போது யாருக்குக் குறைப்பது?

காலுக்குத்தான் குறைகிறது. களைக்கத் தொடங்கிய மூச்சுத் தசையில் வேலையின் கழிவுப் பொருட்கள் சேரும். அங்குள்ள மெல்லிய உணர்வு நரம்புகள் அதைக் கண்டுகொண்டு மூளைக்குச் செய்தி அனுப்பும். மூளை பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டும். கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தம் குறைந்த கால் தசை சீக்கிரம் களைக்கும். கால் ஈயமாகக் கனக்கும். ஓடுபவர் வேகத்தைக் குறைப்பார் அல்லது நின்றுவிடுவார். நின்றால் மூச்சின் சுமை இறங்கிவிடும். ஓட்டம் போனாலும் பரவாயில்லை, மூச்சு நிற்கக் கூடாது என்று உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது.

இது வெறும் ஊகம் இல்லை. 1997இல் உச்ச உழைப்பில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு உள்மூச்சின் சுமையைக் கூட்டியபோது காலின் ரத்த ஓட்டம் குறைந்தது. ஒரு கருவி மூச்சில் பாதி வேலையைத் தாங்கிக்கொண்டபோது கூடியது. 2000இல் வந்த அடுத்த ஆய்வில், உச்ச ஆக்சிஜன் திறனில் சுமார் 90 சதவீத உழைப்பில் மிதித்தவர்கள், மூச்சின் சுமை குறைந்தபோது ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். சுமை கூடியபோது 15 சதவீதம் முன்னதாகவே நின்றுவிட்டார்கள். காலும் அதே, சைக்கிளும் அதே. மாறியது மூச்சின் சுமை மட்டும்.

ஓடி முடித்தவர் "மூச்செல்லாம் சரிதான், கால்தான் போச்சு" என்று சொல்வதன் பின்னணி இதுதான். ஆரோக்கியமானவருக்கு உதரவிதானம் களைத்தாலும் மற்ற மூச்சுத் தசைகள் தோள் கொடுத்துவிடும்; உள்ளே போகும் காற்று குறையாது. அதனால் களைப்பு மூச்சில் வெளிப்படாமல் காலில் வெளிப்படுகிறது.

எந்த இடத்தில் தாங்காது?

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டே எண்கள். ஒன்று, ஒவ்வொரு மூச்சிலும் உதரவிதானம் தன் உச்ச விசையில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறது. இரண்டு, ஒரு முழு மூச்சின் நேரத்தில் எத்தனை பங்கு அது சுருங்கியே இருக்கிறது. இரண்டையும் பெருக்க வேண்டும். ஓய்வில் விசை 5 சதவீதம், சுருங்கும் நேரம் 40 சதவீதம் என்று வைத்தால் 0.05 × 0.4 = 0.02. பெல்மார், கிராசினோ என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் காட்டியது, இந்தப் பெருக்குத்தொகை சுமார் 0.15ஐத் தாண்டினால் உதரவிதானம் நெடுநேரம் தாங்காது என்பது. விசை 30 சதவீதம், நேரம் 50 சதவீதம் என்றால் சரியாக அந்த எல்லையில் நிற்கிறோம்.

நேரம் ஏன் கணக்கில் வருகிறது? தசை இறுகிச் சுருங்கும்போது தன் ரத்தக் குழாய்களையே நசுக்கிக்கொள்ளும். தளரும்போதுதான் ரத்தம் தாராளமாகப் பாயும். இரண்டு உள்மூச்சுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளி உதரவிதானத்தின் சாப்பாட்டு நேரம். வேகமாக மூச்சு வாங்க வாங்க அந்த நேரம் சுருங்குகிறது.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. உச்ச விசையே குறைந்துவிட்டால், அதே சுமை பெரும்பங்காக மாறிவிடும். இதை நீங்களே உணரலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ இல்லாதவர்கள் மட்டும் செய்து பாருங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதை முழுவதும் விடாமல், மேலேயே நின்று சின்னச் சின்ன மூச்சாக நான்கைந்து விட்டுப் பாருங்கள். காற்று தாராளமாக வந்து போனாலும் மூச்சு திணறுவது போல இருக்கும், நெஞ்சு இறுகும். காரணம், கிண்ணம் போல வளைந்திருந்த உதரவிதானம் இப்போது தட்டையாக, குறுகிக் கிடக்கிறது. ஏற்கெனவே குறுகிய தசையால் மேலும் இழுக்க முடியாது.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் நாள் முழுதும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் வாழ்கிறார்கள். சுருங்கிய காற்றுக்குழாய் வழியாக உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு தொடங்கிவிடுகிறது. நுரையீரல் வீங்கியே நிற்கிறது. நாலு படி ஏறுவதற்குள் அவர்கள் உட்கார இடம் தேடுவதைச் சோம்பல் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஐந்து மூச்சுக்கு மேல் நம்மால் தாங்க முடியாததை அவர்கள் நாள் முழுதும் சுமக்கிறார்கள்.

அமைதியான மூச்சு எப்போது ஆபத்து?

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அடுத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடும் ஆஸ்துமா இழுப்பில் ஒருவர் கட்டில் ஓரத்தில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு உள்மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைக்கிறது, காறை எலும்புக்கு மேல் குழி விழுகிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. வீசிங் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. கொஞ்ச நேரம் போகிறது. சத்தம் குறைகிறது. மூச்சின் வேகமும் குறைகிறது. கண் செருகுகிறது. "அப்பாடா, அடங்கிவிட்டது, தூங்கட்டும்" என்று வீட்டில் இருப்பவர்கள் விலகிப் போகிறார்கள். உண்மையில் மூச்சுத் தசைகள் கைவிட்டுக்கொண்டிருக்கலாம். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை. உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. தூக்கக் கலக்கமாகத் தெரிவது அதன் விளைவு. சத்தம் அடங்கியவர் பேச்சும் தெளிந்து, முகமும் தெளிந்து இருந்தால் நிம்மதி அடையலாம். சத்தம் அடங்கி, ஆளும் மந்தமானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும்.

இன்னொரு அடையாளம் வயிறு. உள்மூச்சில் வயிறு எழ வேண்டும் என்று முன்பு பார்த்தோம். மூச்சுக்குப் போராடும் ஒருவருக்கு நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே போனால், உதரவிதானம் தன் வேலையைச் செய்யவில்லை, மற்ற தசைகள் அதை மேலே உறிஞ்சுகின்றன என்று பொருள்.

கைக்குழந்தைகள், அதிலும் குறை மாதத்தில் பிறந்தவர்கள், இன்னும் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். தாக்குப்பிடிக்கும் வகை இழைகள் அவர்களின் உதரவிதானத்தில் குறைவு. நெஞ்சுக்கூடும் இளசாக இருப்பதால் ஒவ்வொரு இழுப்புக்கும் உள்வாங்கும். விலாவுக்குக் கீழே குழி விழுவதும் மூக்கு விடைப்பதும் குழந்தையிடம் கண்டால் காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் வெண்டிலேட்டர் செய்யும் வேலைகளில் ஒன்று, இந்தத் தசைகளின் சுமையை வாங்கிக்கொள்வது. ஆனால் ஓய்வு அளவு மீறினாலும் கேடு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் வரை உதரவிதானம் முழுக்கச் செயலற்று, வெண்டிலேட்டரே மூச்சு விட்டவர்களின் தசை இழைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. அதனால்தான் ஐ.சி.யூ.வில் முடிந்தவரை நோயாளியையும் கொஞ்சம் மூச்சு இழுக்க விடுகிறார்கள். உறவினர்களுக்கு அது கொடுமையாகத் தெரியும். தசையைக் காப்பாற்றும் முயற்சி அது.

பயிற்சி உதவுமா?

உதவும், ஓர் அளவுக்கு. வாயில் வைத்து எதிர்ப்புக்கு எதிராக மூச்சை இழுக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. வழக்கமான முறை, தன் உச்ச விசையில் பாதி அளவுக்கு எதிர்ப்பை வைத்துக்கொண்டு ஒரு வேளைக்கு 30 மூச்சு, நாளுக்கு இரண்டு வேளை, சில வாரங்கள். மூச்சுத் தசைகளின் வலிமை கூடுகிறது, அதே உழைப்பில் மூச்சு வாங்கும் உணர்வும் குறைகிறது. போட்டியில் கிடைக்கும் முன்னேற்றம் சிறியது. வெறும் சுகத்துக்கு ஓடுபவர் கருவிக்குச் செலவழிப்பதற்கு முன், வாரத்தில் ஒரு நாள் வேகத்தைக் கூட்டி ஓடிப் பார்க்கலாம். அதுவும் உதரவிதானத்துக்குப் பயிற்சிதான். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டே கருவியைத் தொட வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு போட்டிகள் இருப்பவர்களுக்கு ஒன்று. மூச்சு வாங்குவது சில நிமிடங்களில் நின்றுவிடும். ஆனால் களைத்த உதரவிதானம் தன் பழைய விசைக்குத் திரும்ப ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகலாம். சில சமயம் அதற்கும் மேலே இழுக்கும். மூச்சு சீரானதும் தயாராகிவிட்டோம் என்று அடுத்த போட்டியில் முதல் நிமிடத்திலேயே முழு வேகத்தில் இறங்கினால், அந்த இன்னும் தேறாத தசை காலின் ரத்தத்தை முன்னதாகவே கேட்கத் தொடங்கும்.